மாதிரிப் பக்கம்

நவம்பர் 8, சனி

ஒரு வெப்சைட் எப்படி உண்டாகிறது என்று இன்று கோமதி அக்கா எனக்குக் காட்டினாள். நாம் பார்ப்பது ஒரு முகம். அதற்குப் பின்னால் முழுக்க எழுத்தாக இன்னொரு முகம் இருக்கிறது. எதைத் திறந்தாலும் மூட வேண்டும் என்பதுதான் முதல் விதி. தடித்த எழுத்துக்கு ஓர் அடையாளம் போட்டுவிட்டு அதை மூட மறந்தால், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் தடித்துவிடும். அக்காவின் பக்கம் அப்படித்தான் தடித்துப்போய் நின்றது. எங்கே மூடவில்லை என்று அவள் அரை மணி நேரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் அதைக் கண்டுபிடித்துவிட்டேன். "உனக்கு நல்ல கண்ணுடி" என்றாள். இன்று முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

அக்கா திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. டிஜிட்டல் மீடியா கடைசி வருடம் படிக்கிறாள். கோவில்பட்டியிலிருந்து தினமும் ரயிலில் போய்வருகிறாள். இளங்கலையில் அவள் படித்தது கணிதம், அதுவும் தமிழில். வகுப்பில் மற்றவர்கள் பள்ளியிலிருந்தே கம்ப்யூட்டரில் படம் வரைந்து பழகியவர்களாம். போன வாரம் இவள் ரோஸும் பச்சையும் கலந்து ஒரு பக்கம் செய்து காட்டியபோது, இது வெப்சைட்டா அல்லது துணிக்கடைப் பையா என்று சார் எல்லோர் முன்னிலும் கேட்டாராம். சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னாள். சொல்லி முடித்த பிறகு ஒன்றுமே இல்லாத இடத்தில் மவுஸை அழுத்திக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலில் படிப்பு முடிகிறது. அதற்குள் வேலை கிடைத்தால் சென்னைக்குப் போகலாம், கிடைக்காவிட்டால் ராஜபாளையத்து வீட்டாருக்குச் சரி சொல்லிவிடுவேன் என்று அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையின் போட்டோ பூஜை அலமாரியில் இருக்கிறது. அக்கா இன்னும் அதை எடுத்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மோசமில்லை. ஆனால் அக்காவுக்கு வேலை கிடைக்க வேண்டும்.

நவம்பர் 23, ஞாயிறு

கடைசி செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு ஒரு முழு வெப்சைட் செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் காபி ஷாப்புக்குச் செய்கிறார்கள் என்று அக்காவும் அதையே எடுத்திருக்கிறாள். மெனு எழுதும் வேலை எனக்கு. எனக்குத் தெரிந்தது டிகிரி காபி, சுக்கு காபி, பில்டர் காபி மூன்றும்தான். மற்றதை நெட்டில் பார்த்து எழுதினோம். ஒரு காபி இருநூற்றைம்பது ரூபாய் என்று போட்டிருந்தார்கள். அதற்குள் என்ன இருக்கும் என்று நாங்கள் இருவரும் வெகுநேரம் யோசித்தோம்.

மாலையில் அம்மாவுக்கு மாவு ஆட்டிக் கொடுத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

சார் அதைத் தள்ளிவிட்டாராம். "இந்த மாதிரி கடைக்குள்ள ஒரு தடவையாவது போயிருக்கியாம்மா?" என்று கேட்டாராம்.

டிசம்பர் 15, திங்கள்

அரையாண்டுத் தேர்வு இன்று தொடங்கியது. நான் போகவில்லை. காரணம் எழுதப் போவதில்லை.

டிசம்பர் 18, வியாழன்

எழுதாமல் விட்டாலும் அது இல்லாமல் போய்விடாது. எனவே எழுதுகிறேன். நான் பெரிய மனுஷி ஆகிவிட்டேன். நான்கு நாளாகப் பின்கட்டு அறையின் மூலையில் இருக்கிறேன். தனித் தட்டு, தனித் தம்ளர், தனிப் பாய். காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், பிறகு உளுந்தங்களி. தமிழ்த் தேர்வு போய்விட்டது, ஆங்கிலம் போய்விட்டது, இன்று கணக்கு. மிஸ்ஸுக்குப் போன் செய்து காய்ச்சல் என்று சொல்லும்படி அம்மாவிடம் கெஞ்சினேன். அப்படியே சொன்னாள்.

சங்கரன்கோவிலிலிருந்து செண்பகராஜ் மாமா வந்தார். தாய்மாமன் என்பதால் ஓலையால் குச்சு கட்டும் உரிமை அவருக்கு. தை மாதம் மண்டபம் பிடித்துப் பெரிதாகச் சடங்கு செய்ய வேண்டும் என்று வாசலில் நின்றபடி அப்பாவோடு பேசினார். எனக்குக் கேட்கும் என்று இருவருக்கும் தெரியும். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மட்டும் லேப்டாப்போடு வந்து என் பாயைத் தொடாத தூரத்தில் உட்காருகிறாள். நிறங்களுக்கு எண் உண்டு என்று சொல்லிக்கொடுத்தாள். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு என்று எண்ணால் சொன்னால் கம்ப்யூட்டர் அந்த நிறத்தைக் கலந்து தருகிறது. நான் சொன்ன எண்களுக்கு என்ன நிறம் வருகிறது என்று திருப்பிக் காட்டினாள். பள்ளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று அவளிடம் சொன்னேன். என் தோழி எஸ்தருக்குக்கூட நான் சொல்லப் போவதில்லை. எங்கள் வகுப்பில் பையன்களும் இருக்கிறார்கள். அக்கா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். தீட்டு என்பதால் என் தலையில் அடிக்க முடியாமல் அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஜனவரி 4, ஞாயிறு

சாப்பிடும்போது அக்கா திடீரென்று சொன்னாள். ப்ராஜெக்டுக்குப் புதிய தலைப்பு கிடைத்துவிட்டதாம். சடங்குக்கு டிஜிட்டல் அழைப்பிதழ். லிங்கைத் தொட்டால் பக்கம் திறக்கும். நாதஸ்வரம் கேட்கும். மண்டபத்துக்கு மேப், விழா தொடங்க எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஓடும் கடிகாரம், வாழ்த்து எழுத ஓர் இடம். சாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டதாம். இதுதான் நம் மண்ணின் டிசைன், இதுவரை யாரும் செய்யவில்லை என்று வகுப்பில் நிற்கவைத்துப் பாராட்டினாராம். அந்தத் துணிக்கடைப் பை நிறங்களைத்தான் இப்போது கொண்டுவரச் சொல்கிறாராம்.

அப்பாவுக்குச் சந்தோஷம். அவர் மோட்டார் பம்ப் விற்பவர். மதுரை வரை வியாபாரிகளைத் தெரியும். எல்லோருக்கும் போனிலேயே அனுப்பிவிடலாம் என்றார்.

நான் அக்காவைத் தனியாகக் கேட்டேன். என் போட்டோ இருக்காது, குத்துவிளக்குப் படம்தான் என்றாள். பெயரும் 'எங்கள் இளைய மகள்' என்று மட்டும்தான் வருமாம். அப்படியென்றால் பரவாயில்லை. பக்கத்தின் தலைப்பை நானே டைப் செய்து கொடுத்தேன். திறந்ததையெல்லாம் மூடினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

ஸ்டூடியோவில் போட்டோ எடுத்தார்கள். மாமா எடுத்துக் கொடுத்த மாம்பழ நிறப் பட்டு. போட்டோக்காரர் கன்னத்தில் விரலை வைக்கச் சொன்னார், ஊஞ்சலில் உட்காரச் சொன்னார், கண்ணாடியைப் பார்த்து வெட்கப்படச் சொன்னார். எனக்கு வரவில்லை. "புள்ளைக்கு வெக்கப்படவே தெரியலையே" என்று போட்டோக்காரர் சிரித்தார். அம்மா என்னை முறைத்தாள். இதெல்லாம் ஆல்பத்துக்கு மட்டும் என்று அக்கா சொன்னாள்.

போகும்போதும் வரும்போதும் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டேன். தூசி அதிகம்.

ஜனவரி 27, செவ்வாய்

காலையில் வகுப்புக்குள் நுழைந்ததும் கடைசிப் பெஞ்சிலிருந்து நாதஸ்வரம் கேட்டது.

என்னவென்று எனக்குப் புரியவில்லை. ஹரீஷ்பாபு போனை டெஸ்க்குக்கு அடியில் வைத்திருந்தான். "இன்னும் பன்னெண்டு நாள், அஞ்சு மணி நேரம்" என்று பக்கத்திலிருந்தவன் வாசித்தான். நிமிடத்தை ஒருவன், நொடியை ஒருவன் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். அப்போதும் எனக்குப் புரியவில்லை. எஸ்தர் என் கையைப் பிடித்துக் கழிவறைப் பக்கம் கூட்டிப்போய், அவள் அண்ணன் போனுக்கும் அந்த அழைப்பிதழ் நேற்றே வந்துவிட்டது என்றாள். "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டாள். அவளுக்குக் கோபம் அதில்தான்.

என் முழுப் பெயர் இருக்கிறதாம். எஸ். சண்முகவடிவு. போட்டோவும் இருக்கிறதாம், கன்னத்தில் விரல் வைத்தது.

கடிகாரத்தை யாரோ இடைவேளையில் போர்டில் எழுதியிருந்தார்கள். மிஸ் வந்து, இது என்ன கணக்கு என்று கேட்டுவிட்டு அழித்தார்.

ஜனவரி 28, புதன்

நேற்று நடந்த சண்டையை எழுதுகிறேன்.

குத்துவிளக்கு என்றாயே என்று அக்காவிடம் கேட்டேன். அப்பாதான் முகம் இல்லாமல் என்ன பத்திரிகை என்று சொன்னார் என்றாள். அப்பாவிடம் போனேன். என் கணக்கு டியூஷன் சார் பம்ப் செட் வாங்கியவராம், அவருக்கு அனுப்பியது தப்பா என்று கேட்டார். அந்த சார் அதை டியூஷன் குரூப்பில் போட்டு 'அனைவரும் வருக' என்று எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு அதில் பெருமைதான். "ஊருக்கே தெரியத்தானட்டி சடங்கு வைக்குறோம்" என்றார். அவர் சொன்னது உண்மைதான் என்று அந்த நிமிடம் தோன்றியது.

அக்காவிடம் திரும்பி வந்தேன். பக்கத்தை எடுத்துவிடு என்றேன். அவள் கதவைச் சாத்தினாள்.

"இப்ப எடுத்தா எனக்கு ஒண்ணுமே இல்லடி. ஏப்ரல் வரைக்கும் பொறுத்துக்கோ. வைவா முடிஞ்ச அன்னிக்கே எடுத்துடுறேன்."

"நீ சத்தியம் பண்ணின."

"ராஜபாளையத்துக்கு நீ போறியா?"

அம்மா உப்புமா செய்திருந்தாள். எனக்குத் தலைவலி, சாப்பிடவில்லை.

பிப்ரவரி 4, புதன்

வாழ்த்து எழுதும் இடத்தில் யார் வேண்டுமானாலும் எழுதலாம். அத்தைமார்கள் பூவும் கும்பிடும் கையும் போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே எங்கள் வகுப்பு. 'ஹீரோயின் மேடத்துக்கு வாழ்த்துகள்.' 'முதல் ரேங்க் எடுத்தவருக்கு முதல் மாலை.' 'சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் உண்டா?' ஒருவன் என் போட்டோவைப் போலவே கன்னத்தில் விரல் வைத்து எடுத்த படத்தைப் போட்டிருக்கிறான். எல்லாம் பொய்ப் பெயர்கள். ஆனால் யார் எது எழுதியிருப்பான் என்று எனக்குத் தெரிகிறது.

பக்கத்தை எடுக்க வேண்டாம், இவற்றை மட்டுமாவது அழி என்று கேட்டேன். அக்கா லேப்டாப்பைத் திருப்பி ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினாள். கோடு தரையோடு ஊர்ந்து வந்து, போன வாரம் செவ்வாயன்று தென்னைமரம் போல் ஏறியிருந்தது. வந்தவர்கள் திரும்பத் திரும்ப வந்திருக்கிறார்கள், நின்று படித்திருக்கிறார்கள், எழுதியிருக்கிறார்கள். வகுப்பில் வேறு யார் ப்ராஜெக்டுக்கும் இப்படி நிஜ ஆட்கள் வரவில்லையாம். பயனர் ஈடுபாடு என்று இதற்குப் பெயராம். அதற்குத் தனி மார்க் உண்டாம். அழித்தால் கோடு இறங்கிவிடும்.

அந்தக் கோட்டை நான் உற்றுப் பார்த்தேன். செவ்வாய், காலை ஒன்பது மணி. நான் வகுப்புக்குள் நுழைந்த நேரம்.

கணக்கு டியூஷனை நிறுத்திவிட்டேன். வீட்டில் படித்தால் நேரம் மிச்சமாகிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

சடங்கு முடிந்தது. மாமா நூற்றொரு தட்டு சீர் கொண்டுவந்தார். அத்தைகள் தண்ணீர் ஊற்றினார்கள். அக்கா என் பக்கத்தில் வரவே இல்லை, நாள் முழுவதும் கேமராவோடு எதிரிலேயே நின்றாள். "வடிவு, இங்க பாரு" என்பதைத் தவிர வேறு ஒன்றும் அவள் சொல்லவில்லை.

எஸ்தர் வரவில்லை.

மார்ச் 14, சனி

கடிகாரம் பூஜ்ஜியத்தில் நிற்கிறது. பக்கம் அப்படியே இருக்கிறது. மூன்றாம் இடைப்பருவத் தேர்வில் கணக்கில் அறுபத்தொன்று. தாள் கடினம். ஹரீஷ்பாபு எண்பது வாங்கியிருக்கிறான். ஆனாலும் தாள் கடினம்தான்.

நூலகத்திலிருந்து துருவப் பயணிகள் பற்றிய புத்தகம் எடுத்துவந்தேன். ஆறு மாதம் பனியில் மாட்டிக்கொண்ட கப்பல். யாராலும் அவர்களைப் பார்க்க முடியவில்லை. எனக்கு அந்த அத்தியாயம் பிடித்திருக்கிறது.

ஏப்ரல் 17, வெள்ளி

இன்று அக்காவின் வைவா. குடும்பத்தோடு வரலாம் என்று சார் சொன்னதால் எல்லோரும் போனோம். நான் வரமாட்டேன் என்றேன். சார் என்னைக் கட்டாயம் பார்க்க வேண்டும் என்றாராம்.

பெரிய குளிர்சாதன அறை. சுவர் முழுவதும் திரை. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நாதஸ்வரம் ஒலித்ததும் என் முகம் திரை அளவுக்கு வந்தது. மூக்கில் இருந்த பருவை அக்கா அழித்திருந்தது அவ்வளவு பெரிதாகப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா ஆங்கிலத்தில் பேசினாள். எங்கும் தடுமாறவில்லை. சென்ற வருடம் வகுப்புப் பையன்களுக்கு நடுவில் வாய் திறக்க முடியாமல் ரயிலில் அழுதுகொண்டே வந்தவள். நிறங்களை ஏன் தேர்ந்தெடுத்தாள், எழுத்தின் அளவு ஏன் பெரிது, கண்ணாடி இல்லாத பெரியவர்களுக்கும் எப்படித் தெரியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

பிறகு வாழ்த்துகளைக் காட்டினாள். ஐஸ்கிரீம் கேட்டதற்கு அறையே சிரித்தது. கன்னத்தில் விரல் வைத்த பையனுக்கு இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அக்கா அவர்கள் சிரித்து முடியும்வரை காத்திருந்து, அதன்பின் அடுத்ததற்குப் போனாள். அங்கே சிரிப்பார்கள் என்று அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வீட்டில் கண்ணாடி முன்னால் பேசிப் பழகியபோது ஒரு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். அது இந்த இடம்தான்.

சார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள்.

அக்காவுக்குத் துறையிலேயே முதல் மதிப்பெண்.

வரும் வழியில் ரயிலில், இன்றைக்கே எடுத்துவிடுவாய்தானே என்று கேட்டேன். அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, தேர்வாளராக வந்த நிவேதா மேடம் சென்னையில் டிஜிட்டல் அழைப்பிதழ் கம்பெனி நடத்துகிறார், போன் நம்பர் வாங்கிக்கொண்டார் என்றாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

நிவேதா மேடம் வீடியோ காலில் வந்தார். அக்காவுக்கு வேலை உறுதி. இந்தப் பக்கத்தை அவர்கள் மாதிரிப் பக்கமாக வைத்துக்கொள்வார்கள். யார் வீட்டில் சடங்கு என்றாலும் இதைக் காட்டி, பெயரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுப்பார்கள். அது அக்காவின் முதல் வேலையாக இருக்கும். எல்லாம் பேசி முடித்த பிறகு அவர், தங்கையைக் கூப்பிடுங்கள் என்றார்.

அக்கா போனை என்னிடம் கொடுத்தாள். அப்பா எனக்கு எதிரில் நின்றார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வடிவு, மாதிரியில உன் போட்டோவும் பேரும் அப்படியே இருக்கும்மா. நிறைய பேர் பார்ப்பாங்க. உனக்குச் சம்மதமா? வேணாம்னா வேணாம்னு சொல்லிடலாம், ஒண்ணும் தப்பில்ல."

டிசம்பரிலிருந்து இதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். நல்லவராகத்தான் தெரிந்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு ராஜபாளையத்திலிருந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"சம்மதம்" என்றேன்.

அம்மா என் தொடையில் கிள்ளினாள். "ரொம்பப் பிடிச்சிருக்கு மேடம்" என்றும் சொன்னேன்.

அப்பா ராஜபாளையத்துக்குப் போன் செய்யக் கொல்லைப்பக்கம் போனார். அக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். "உன்னாலதான்டி" என்று என் காதில் சொன்னாள். அவள் நன்றியாகத்தான் சொன்னாள்.

மே 31, ஞாயிறு

அக்கா சென்னைக்கு ரயில் ஏறினாள். நான் லேப்டாப் பையைத் தூக்கிக்கொண்டு போனேன். பெட்டியில் ஏறியதும் பையை வாங்கிக்கொண்டு, பத்தாம் வகுப்பு, நன்றாகப் படி என்றாள். சரி என்றேன்.

வீட்டுக்கு வந்து அவளுடைய அலமாரித் தட்டைத் துடைத்து என் புத்தகங்களை அடுக்கினேன்.

ஜூன் 18, வியாழன்

மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னைத் தேடி வந்தாள். பெயர் மாரிக்கனி. மெலிந்த பெண், இரட்டைச் சடை, கையில் மருதாணி கருத்திருந்தது. பள்ளி திறந்ததிலிருந்து இன்றுதான் வருகிறாளாம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, நீங்கள்தான் வடிவு அக்காவா என்று கேட்டாள்.

அவள் வகுப்பிலும் காலையில் நாதஸ்வரம் போட்டிருக்கிறார்கள்.

வேப்பமரத்தடிப் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் வீட்டில் போட்டோ வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். அவள் அப்பா சரி என்று விட்டிருப்பார் போலத்தான் தெரிந்தது. ஆனால் அம்மா கம்பெனிப் பக்கத்தைத் திறந்து காட்டினாளாம். அங்கே என் போட்டோ இருக்கிறது. கீழே பெரிய எழுத்தில், 'எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு – எஸ். சண்முகவடிவு, கோவில்பட்டி' என்று போட்டிருக்கிறதாம்.

"அந்தக் கிளாஸ் ஃபர்ஸ்ட் அக்காவே பிடிச்சிருக்குன்னு சொல்லிருக்கா, உனக்கு என்னட்டி கேடுன்னு எங்கம்மா கேட்டாங்க" என்றாள். கொஞ்ச நேரம் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "சும்மா அவங்களா போட்டதுதானக்கா? நீங்க சொல்லலதான? நான் வீட்டுல போய்ச் சொல்லணும். ஞாயித்துக்கிழமைதான் சடங்கு."

அவளுக்கு ஒரே ஒரு வார்த்தை வேண்டியிருந்தது. அதைக் கொண்டுபோய் அவள் அம்மாவிடம் கொடுத்தால், ஒருவேளை போட்டோவை எடுத்துவிடுவார்கள். அவள் அம்மா கம்பெனிக்குப் போன் செய்வாள். போனை எடுப்பது அக்காவாகத்தான் இருக்கும்.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்து, குழாயடியைத் தாண்டி எட்டாம் வகுப்புப் பக்கம் போனாள். நான் மணி அடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பிற்பகல் அறிவியல். ஒளி விலகல் நடத்தினார்கள்.